எங்க நடக்கிறது, டொக்டர்?

போன செப்ரெம்பர் 29, உலக இருதய தினம். யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் இருதய நலன் பற்றிய கருத்தரங்கு. நாங்கள் ஏழு பேர் போயிருந்தோம். எங்களில் பலரின் வீட்டிலிருந்து அந்த மண்டபத்துக்கு ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. ஏழு பேரும் மோட்டச்சைக்கிளில்தான் போனோம். வாசலில் எங்களுடையதோடு சேர்த்து நாற்பதுக்கு மேல் மோட்டச்சைக்கிள், நாலு கார், ரெண்டு ஓட்டோ. சைக்கிள் ஒன்றே ஒன்று. அது மண்டபம் கூட்டுகிற ஐயாவுடையது.

வந்த டொக்டர் நல்லாய்க் கதைத்தார். உப்பைக் குறையுங்கோ, சீனியைக் குறையுங்கோ, சிகரெட்டை விடுங்கோ, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ. ஒன்றும் பிழையில்லை. இடைவேளையில் ரோல்ஸ், பட்டர் கேக், பால் தேத்தண்ணி. தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் சீனி கரையாமல் கிடந்தது. நாங்களும் ஆளுக்கு ரெண்டு ரோல்ஸ் சாப்பிட்டோம், பொய் சொல்லக்கூடாது.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழும்பினார். ஐம்பது வயதிருக்கும். "டொக்டர், நடக்கச் சொல்லுறியள். எங்க நடக்கிறது? எங்கட ஒழுங்கை முடிஞ்சால் மெயின் றோட்டு. ஓரமாய் நடக்க ஒரு அடி இல்லை, மினிபஸ் உரசிக்கொண்டு போகும். விடியப்புறம் எண்டால் நாய். பின்னேரம் எண்டால் சந்தியில பெடியள். நான் தனிய நடந்து போனால், புருசனோட கோவிச்சுக்கொண்டு போறா எண்டு சனம் கதைக்கும்." டொக்டர் சிரித்துக்கொண்டு, "அப்ப வீட்டு முத்தத்திலயே நடவுங்கோ அம்மா" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குச் செமிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

டொக்டரில் எங்களுக்குக் கோபம் இல்லை. கிளினிக்கில் விடியக்காலமையிலிருந்து வரிசையில் நிற்கிற சனத்தைப் பார்த்து முடித்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் வந்து கதைத்த மனுசன் அவர். றோட்டுப் போடுவது அவருடைய வேலை இல்லை. கோபம், அந்த அம்மாவின் கேள்வியை ஒரு பகிடியாய் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்ட எங்கள் எல்லாரிலும்தான். நெஞ்சைக் காப்பாற்றுவது முழுக்க முழுக்க அவரவர் மனவுறுதி சார்ந்த விசயம், நடக்காதவர் சோம்பேறி, சாப்பிடுகிறவர் வாய்க்கட்டு இல்லாதவர், செத்தவர் தன்னைக் கவனிக்காதவர் என்று எவ்வளவு லேசாய்ச் சொல்லிவிடுகிறோம்.

எங்கட ஊர் மதில்களில் இருக்கிற கண்ணீர் அஞ்சலிப் பனர்களைப் பாருங்கோ. தொண்ணூறு வயதுப் படங்களுக்கு நடுவில் நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு என்று எத்தனை முகங்கள். செத்தவீட்டில் எல்லாரும் சொல்லுகிற வசனம் ஒன்றுதான்: "நேற்றுப் பின்னேரமும் கதைச்சவர், நல்லாத்தான் இருந்தவர்." இலங்கையில் நடக்கிற மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தொற்றா நோய்களால் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இருதயமும் இரத்தக் குழாயும் சம்பந்தப்பட்டவை மட்டும் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. 2004 இல் வெளியான இன்ரர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களைப் பார்த்தது. புகைத்தல், பிரசர், சலரோகம், இரத்தக் கொழுப்பு, வயிற்றுப் பருமன், மனநெருக்கடி, மரக்கறி பழம் போதாமை, உடலசைவு போதாமை, மதுப் பழக்கம் ஆகிய ஒன்பது காரணிகளே ஆபத்தின் பெரும்பகுதியை விளக்குகின்றன என்று கண்டது. அதே தரவுகளிலிருந்து 2007 இல் வந்த இன்னொரு கட்டுரை எங்களைப் பற்றியது. இலங்கையும் அடங்கிய தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாடுகளைவிட ஐந்தாறு வருடம் முந்தி. எங்கட இரத்தத்தில் ஏதோ சாபம் ஊறியிருக்கு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதே காரணிகள் எங்களுக்கு இளவயதிலேயே வந்துவிடுகின்றன என்றுதான் சொன்னது. இளவயது என்றால் இதை வாசிக்கிற உங்கட வயது.

இந்த ஒன்பதில் உடலசைவு என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தூரம் போவோம். அதில்தான் யாழ்ப்பாணத்தின் முழுக்கதையும் இருக்கு.

1953 இல் ஜெரமி மொறிஸ் என்ற மருத்துவர் இலண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வை வெளியிட்டார். சாரதி நாள் முழுக்க இருக்கையில். கொண்டக்டர் நாள் முழுக்கப் படியில் ஏறி இறங்குகிறார். ஒரே பஸ், ஒரே நகரம், ஒரே வர்க்கம். கொண்டக்டர்மாருக்கு இருதய நோய் குறைவு, வந்தாலும் பிந்தி வந்தது. இந்த ஆய்வில் எங்களுக்குப் பிடித்த விசயம், அந்தக் கொண்டக்டர்மார் ஒருத்தரும் 'உடற்பயிற்சி' செய்யவில்லை என்பது. அவர்கள் ரிக்கெற் கிழித்தார்கள், அவ்வளவுதான். நெஞ்சுக்குத் தேவையான அசைவு வேலையின் உள்ளேயே இருந்தது. அதற்கென்று காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழும்பத் தேவைப்படவில்லை, ஜிம்முக்கு மாதக் கட்டணம் தேவைப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் அப்படி அன்றாடத்துக்குள் இருந்த அசைவுக்குப் பெயர் சைக்கிள்.

மலை இல்லாத ஊர் எங்கட ஊர். கியர் இல்லாத பழைய ஹம்பரும் ரலியும் லுமாலாவும் கஷ்டமில்லாமல் ஓடக்கூடிய தட்டை நிலம். வாத்தியார், தபால்காரர், மீன்காரர், கோயில் ஐயர், கச்சேரி கிளார்க், எல்லாரும் சைக்கிள்தான். பிறகு 1990 யூனில் திரும்பவும் யுத்தம் தொடங்கியது. பெற்றோல் வருவது நின்றது, மின்சாரம் போனது. மோட்டச்சைக்கிள் வைத்திருந்த சிலர் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்யில் ஓட்டினார்கள். மற்ற எல்லாப் பாரத்தையும் சைக்கிள் சுமந்தது: விறகு, வெங்காயம், தண்ணிக் கான், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி. பற்றரிக்கும் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த கரண்டில் றேடியோவில் செய்தி கேட்ட கதையை எங்களில் எல்லாருடைய வீட்டிலும் யாரோ ஒருத்தர் சொல்லுவார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் கிளம்பியபோது, செம்மணி, நாவற்குழி வழியாய்த் தென்மராட்சிக்கு நகர்ந்த அந்தச் சனக்கூட்டத்தின் கையில் இருந்ததும் சைக்கிள்தான். வீட்டையே அதில் கட்டிக்கொண்டு உருட்டினார்கள். ஓட இடம் இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு மாமா எழும்பி, "பாத்தியளோ, அந்தக் காலத்தில ஆருக்கு ஹார்ட் அட்டாக் வந்தது?" என்று கேட்பார். அந்தப் பேச்சோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காலத்தில் சனம் செல்லால் செத்தது, குண்டால் செத்தது, மருந்து இல்லாமல் செத்தது. இன்சுலின் கிடைக்காமல் போன ஆட்களுக்கு வந்த சாவை ஒருத்தரும் பனர் அடித்து ஒட்டவில்லை. முற்றுகையால் வந்த மெலிவை ஆரோக்கியம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அதற்கு முந்திய காலமும் அப்படியொன்றும் புனிதம் இல்லை. யாழ்ப்பாணப் புகையிலைக்கு ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரைக்கும் சந்தை இருந்தது. சுருட்டுக் கொட்டில் இருந்த ஊரில் அப்பப்பாமாரின் நெஞ்சு என்ன பளிங்காய் இருந்திருக்குமா? வெற்றிலைத் தட்டத்தில் புகையிலைத் துண்டு இல்லாத வீடு எத்தனை? பழையதெல்லாம் நல்லது என்று சொல்லுவது ஒரு வகைச் சோம்பல். எங்கட வாதம் சின்னது: சைக்கிள் யுத்தத்தால் வந்தது இல்லை, அதற்கு முதலே இருந்தது. யுத்தம் அதில் வறுமையின் மணத்தைப் பூசிவிட்டுப் போனது.

அந்த மணம்தான் பிரச்சினை. 2009 க்குப் பிறகு ஏ9 திறந்தது. சந்திக்குச் சந்தி லீசிங் கம்பனி முளைத்தது. இருபது வருடம் மிதித்துக் களைத்த சனம் மோட்டச்சைக்கிளில் ஏறியது. அதில் என்ன பிழை? ஒன்றும் இல்லை. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் மிதித்து வேலைக்கு வந்த மனுசனைப் பார்த்துத் திரும்பவும் மிதி என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் விசயம் தூரத்தோடு நிற்கவில்லை. முந்நூறு மீற்றரில் இருக்கிற கடைக்குப் பாண் வாங்கவும் மோட்டச்சைக்கிள், ஒழுங்கை முடிவில் இருக்கிற வைரவர் கோயிலுக்கும் மோட்டச்சைக்கிள் என்று ஆகிவிட்டது. ஏ.எல். முடிந்த கையோடு ரொறன்ரோ மாமாவின் காசில் பெடியனுக்கு பைக். கலியாணப் பேச்சில் "மாப்பிள்ளை என்ன ஓடுறார்?" என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் விளங்கும். சைக்கிள் என்று பதில் வந்தால் தேத்தண்ணியோடு பேச்சு முடியும். முப்பது வயது அரச உத்தியோகத்தர் ஒருத்தர் சைக்கிளில் கந்தோருக்குப் போனால், "என்ன தம்பி, பைக் பழுதோ?" என்று வழியில் மூன்று பேர் கேட்பார்கள். நாலாம் நாள் அவர் பைக்கில் போவார். இதை வாழ்க்கைமுறைத் தெரிவு என்று சொல்லுகிறார்கள். வெட்கத்துக்குப் பயந்து எடுக்கிற முடிவை எப்படித் தெரிவு என்று சொல்லுவது?

இது வெறும் மனப்பாங்குக் கதை இல்லை என்பதற்கு 2022 சாட்சி. பெற்றோல் கியூவில் இரவிரவாய் நின்று அலுத்த சனம் கொட்டிலில் தூசி பிடித்துக் கிடந்த சைக்கிளை எடுத்துக் கழுவியது. சைக்கிள் விலை பல மடங்கு ஏறியது, ரியூப் தட்டுப்பாடு, திருத்துகிற கடைகளில் வரிசை. வங்கி மனேச்சரும் சைக்கிள், கம்பஸ் லெக்சரரும் சைக்கிள். அந்த மாதங்களில் ஒருத்தரும் ஒருத்தரையும் பார்த்து "பைக் பழுதோ" என்று கேட்கவில்லை. வெட்கம் எங்கே போனது? எல்லாரும் ஓடியதால் அது காணாமல் போனது. பிறகு கியூ.ஆர். முறை வந்தது, 2023 செப்ரெம்பரில் அதுவும் எடுபட்டது, பெற்றோல் தாராளமாய்க் கிடைத்தது. சைக்கிள் திரும்பக் கொட்டிலுக்குப் போனது.

பெண்களின் கதை இன்னும் ஒரு சுற்று மோசம். வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாய்ச் சைக்கிளில் அணி அணியாய்ப் போகிற பள்ளிக்கூடப் பெட்டையள் யாழ்ப்பாணத்தின் ஒரு அடையாளம் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். உண்மைதான், இந்த நாட்டின் பல ஊர்களில் காணக் கிடைக்காத காட்சி. ஆனால் அந்தப் பெட்டை கலியாணம் கட்டின அடுத்த நாள் அந்தச் சைக்கிளுக்கு என்ன நடக்கிறது? தங்கச்சிக்குப் போகும், அல்லது விற்றுப்போகும். அதற்குப் பிறகு அவள் பின் சீற்றில் ஒரு பக்கமாய்க் குந்தியிருக்கிற ஆள். ஸ்கூட்டி வாங்கினவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது, அதை நாங்கள் கொண்டாடுகிறோம். ஆனால் கால் வேலை செய்யவில்லை. பதினெட்டு வயதில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர் மிதித்த உடம்பு நாற்பத்தைந்தில் பிரசர் கிளினிக் வரிசையில் நிற்கிறபோது, "நீங்கள் உடம்பை அசைக்கிறதில்லை" என்று அவவுக்குச் சொல்லப்படுகிறது. அசையவிடாமல் வைத்தது யார்?

1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், கிராமத் தாதிமார் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் ஏறினார்கள். ஊரில் நக்கல் அடிக்காமல் இல்லை. கூட்டமாய் ஓடியதால் நக்கல் அடித்தவர்களின் வாய் ஓய்ந்தது. அங்கே நெஞ்சு நலன் ஒருத்தரின் எண்ணத்திலும் இருக்கவில்லை. தண்ணி எடுக்க, சந்தைக்குப் போக, புருசனைக் கேட்காமல் வெளியில் போக என்றுதான் மிதித்தார்கள். மொறிஸின் கொண்டக்டர்மார் மாதிரித்தான் அதுவும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலசைவு வளர்ந்தவர்களுக்குத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. திருநெல்வேலிச் சந்தைக்கோ ரியூசனுக்கோ கந்தோருக்கோ ரெண்டு, ரெண்டரைக் கிலோமீற்றர் என்று வையுங்கோ. அவசரமில்லாமல் மிதித்தால் போய்வர 25 நிமிடம். ஆறு நாளில் 150. முடிந்தது. ஜிம் வேண்டாம், புரதமா ரின் வேண்டாம். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் பிரித்தானியாவில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவை வைத்துப் பார்த்தபோது, சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு இருதய நோய் வரும் ஆபத்து, வாகனத்தில் போனவர்களைவிட 46 வீதம் குறைவாய் இருந்தது. சைக்கிள் ஓடுகிறவர்கள் மற்ற வகையிலும் கவனமான ஆட்களாய் இருந்திருக்கலாம் என்று ஒரு கேள்வி இருக்கிறது, நியாயமான கேள்வி. அதைக் கழித்துப் பார்த்தாலும் இது சின்ன விசயம் இல்லை.

"சரி, ஓடுறம். ஓடினால் மினிபஸ் விடுமோ?" இதுதான் அந்த அம்மாவின் கேள்வியின் மிச்சம். 2010 க்குப் பிறகு குடாநாட்டின் பெரிய வீதிகள் எல்லாம் காப்பெற் ஆகின. கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி, பலாலி வீதி, எதில் போனாலும் தேர் ஓடுகிற மாதிரி வழுவழுப்பு. யாருக்குப் போட்ட வீதி அது? வேகமாய்ப் போகிறவனுக்கு. ஓரத்தில் நடக்கிறவருக்கு மண்ணும் வாய்க்காலும். சைக்கிள்காரருக்கு வெள்ளைக் கோட்டுக்கு வெளியில் ஒரு சாண். இவ்வளவு சைக்கிள் ஓடின ஊரில், வீதியைத் திருத்தினபோது சைக்கிளுக்கென்று ஒரு தனிப் பாதை போட ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை? எங்கட அரசியல்வாதிகள் எதெதற்கோ அறிக்கை விடுகிறார்கள். இதற்கு ஒரு அறிக்கை நாங்கள் கண்டதில்லை.

நெதர்லாந்தைக் காட்டினால், "அது வெள்ளைக்காரன்ர கலாசாரம்" என்பார்கள். 1950களிலும் 60களிலும் அங்கேயும் சைக்கிளை ஓரங்கட்டி காருக்குத்தான் வீதி போட்டார்கள். 1971 இல் அந்தச் சின்ன நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீதியில் செத்தார்கள், அதில் நானூறுக்கு மேல் சிறுபிள்ளைகள். 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்ற பெயரில் பெற்றோர் றோட்டில் இறங்கினார்கள், வீதிகளை மறித்தார்கள். இன்றைக்கு நாங்கள் படத்தில் பார்க்கிற சைக்கிள் பாதைகள் அந்தக் கோபத்திலிருந்து வந்தவை. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் எங்களைப் போல யுத்தம் கண்ட ஒரு நாட்டின் தலைநகரம். அங்கே 1974 இலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் முக்கிய வீதிகளை வாகனத்துக்கு மூடிவிடுகிறார்கள். நூறு கிலோமீற்றருக்கு மேல். சனம் நடக்கும், ஓடும், சைக்கிள் மிதிக்கும், மத்தியானம் திரும்ப வீதி பஸ்ஸுக்குப் போகும். இதற்குக் கோடிக்கணக்கில் காசு வேண்டாம், கயிறும் பொலிசும் மனமும் போதும். பண்ணையிலிருந்து முற்றவெளியைச் சுற்றி நூலகம் வரைக்குமான வீதிகளை ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை மூட மாநகர சபைக்கு என்ன கஷ்டம்? நல்லூர்த் திருவிழாவுக்கு இருபத்தைந்து நாள் வீதி மூடுகிறோம். நகரம் தாங்குகிறது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பள்ளிக்கூடம் ரெண்டு மணிக்கு முடிய மூன்று மணிக்கு ரியூசன், ஆறு மணிக்கு இன்னொரு ரியூசன், சனி ஞாயிறு முழுநாள். புலமைப்பரிசில் முடியும்வரை விளையாட்டு இல்லை, பிறகு ஓ.எல். முடியும்வரை இல்லை, பிறகு ஏ.எல். யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் 1904 இலிருந்து நடக்கிற வடக்கின் பெரும் போரைப் பார்க்கப் பப்பாவும் பைப்பும் கொடியுமாய்ப் போகிறோம். பதினொரு பேர் விளையாட ஐயாயிரம் பேர் சோடா குடிக்கிறோம். அந்தச் சோடாப் போத்தலில் ஒரு நிறப் புள்ளி இருக்கும், பார்த்திருப்பீங்கள். 2016 ஓகஸ்டிலிருந்து சட்டப்படி போடுகிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அரை லீற்றர்ப் போத்தல் என்றால் தேக்கரண்டிக் கணக்கில் பதினொன்றுக்கு மேல். அறிவிப்பு போட்டாகிவிட்டது, இனி உன் பொறுப்பு என்று அரசாங்கம் கையைக் கழுவுகிறது. பள்ளிக்கூடச் சந்தியில் குளிர்சாதனப் பெட்டி முழுக்கச் சிவப்புப் புள்ளி. இளநீர் தேடினால் அடுத்த சந்தி, விலையும் கூட.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை, அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கினம். ரெண்டு விசயம் மட்டும். ஒன்று, குரக்கன் புட்டும் ஒடியற்கூழும் வல்லாரைச் சம்பலும் 'பாரம்பரிய உணவுத் திருவிழா'வில் வருடத்துக்கு ஒருதரம் செல்ஃபி எடுக்கிற சாமான் ஆகிவிட்டன. திருவிழா முடிய அதே மண்டபத்து வாசலில் கொத்துரொட்டி. முருங்கையிலை வறைக்கு இலை உருவ, குரக்கன் மாவை வறுத்துப் பக்குவப்படுத்த, சூடை மீன் வெட்ட வீட்டில் யாருக்கு நேரம் இருக்கு? வேலைக்குப் போய்வருகிற அம்மாவுக்கா? "அம்மாவின்ர கைப்பக்குவம் போயிட்டுது" என்று எழுதுகிற பெடியள் ஒரு தேங்காய் துருவிக் குடுத்திருப்பாங்களோ தெரியாது. வறையில் நெஞ்சுக்கு நன்மை இருக்கு என்று நம்புகிறவர் இலையை உருவட்டும். மற்றது, உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைய, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பதுதான் பரிந்துரை. எங்கட கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் பாரம்பரியம்தான். பாரம்பரியம் என்பதற்காக உப்புக் கரிக்காமல் விடாது.

இனி வட்ஸ்அப்புக்கு வருவோம். இஞ்சி, உள்ளி, தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, தேன் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் நெஞ்சு அடைப்புக் கரையும், பைபாஸ் தேவையில்லை என்ற செய்தி உங்கட குடும்பக் குழுவிலும் வந்திருக்கும். இந்தச் செய்தி ஆளைக் கொல்லும். உள்ளியில் நஞ்சு இருக்கு என்று நாங்கள் சொல்லவில்லை. அதை நம்பிப் பிரசர்க் குளிசையை நிப்பாட்டுகிறார்கள், அதுதான் கொல்லுகிறது. பிரசர் நோகாது. தலை சுத்தாது. ஒன்றும் செய்யாமல் பத்து வருடம் இருந்துவிட்டு ஒரு நாள் விடிய மாரடைப்பாயோ பாரிசவாதமாயோ வரும். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஏன் குளிசை?" என்று கேட்கிற அப்பாவுக்கு, குளிசை போடுவதால்தான் வருத்தம் இல்லை என்று விளங்கப்படுத்த எங்களில் ஒருத்தருக்கு ஒரு வருடம் பிடித்தது. அரச ஆஸ்பத்திரியில் அந்தக் குளிசை சும்மா கிடைக்கும். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரசரும் சீனியும் பார்க்கிற ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களைச் சுகாதார அமைச்சு 2011 இலிருந்து நடத்துகிறது, அதுவும் இலவசம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆம்பிளையளுக்கு வர நேரமில்லை. சந்தியில் நிற்க நேரம் இருக்கு.

இன்னொன்று, 'வாய்வு'. நெஞ்சு இறுக்கிக்கொண்டு வியர்த்தால், இடது கை உளைந்தால், நாடி நோந்தால், எங்கட வீடுகளில் முதல் மருந்து ஓமத் தண்ணி, ரெண்டாவது இஞ்சிச் சோடா, மூன்றாவது "கொஞ்சம் படுத்து எழும்புங்கோ". அந்தப் படுத்து எழும்புகிற நேரத்தில்தான் இருதயத் தசை சாகிறது. பெண்களுக்கு நெஞ்சு நோ இல்லாமல் மூச்சு வாங்குதலும் ஓங்காளமும் களைப்புமாயும் வரலாம், அதனால் இன்னும் பிந்திக் கண்டுபிடிக்கிறோம். 2018 யூலையிலிருந்து வடக்கிலும் 1990 அம்புலன்ஸ் சேவை இருக்கு. காசு இல்லை. ஓட்டோக்காரரைத் தேடி ஒழுங்கை ஒழுங்கையாய் ஓடாமல் அந்த நாலு இலக்கத்தை அடியுங்கோ. நம்பரைக் குசினிக் கதவில் எழுதி ஒட்டுங்கோ.

இந்த அறிவுரைகள் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வரி கட்டாயம் வரும்: "மனசை நிம்மதியாய் வைத்திருங்கள்." இன்ரர்ஹார்ட்டின் ஒன்பதில் மனநெருக்கடியும் ஒன்று, மறுக்கவில்லை. ஆனால் இதை யாருக்குச் சொல்லுகிறோம் என்று யோசித்துப் பார்த்தோமா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20 இலிருந்து கிளிநொச்சியில் அம்மாமார் றோட்டோரக் கொட்டிலில் இருந்தார்கள். பிறகு வடக்குக் கிழக்கு முழுவதும் இருந்தார்கள். வெயில், மழை, புலனாய்வாளர்களின் விசாரணை. அவர்களில் கனபேர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். அந்த அம்மாவின் பிரசர்க் கொப்பியில் 'மனதை அமைதியாக வைக்கவும்' என்று எழுதினால் அதற்குப் பெயர் மருத்துவமா? உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எங்கட சமூகத்தைப் பற்றிப் பல வருடமாய் எழுதுகிற கூட்டு மனவடு என்ற சொல், ஒரு ஆளின் மண்டைக்குள் மட்டும் இருக்கிற வருத்தத்தைச் சொல்லவில்லை. நீதி கிடைப்பதும் இருதய நோய்த் தடுப்பின் ஒரு பகுதி என்று அடுத்த கருத்தரங்கில் யாராவது ஒரு வரி சொல்லுவார்களா என்று பார்க்கிறோம்.

அப்ப தனிமனுசர் செய்ய ஒன்றுமில்லையா? இருக்கு. சிகரெட்டை அரசாங்கம் வந்து உங்கட வாயிலிருந்து பிடுங்காது. பெட்டியில் 80 வீதத்துக்குப் படம் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டே பற்றவைக்கிற தோழர்கள் எங்கட கூட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களோடு நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அமைப்பு மாறும்வரை நான் மாறமாட்டேன் என்பதும் ஒரு நல்ல சாட்டு, புத்திசாலிகள் சொல்லுகிற சாட்டு. அதற்காக நடக்க வழி கேட்டவரை முற்றத்தில் சுற்றச் சொல்லுவதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

அந்தக் கருத்தரங்குக்குப் பிறகு நாங்கள் ஒரு தீர்மானம் எடுத்தோம். எங்கட மாதாந்தக் கூட்டத்துக்கு ஐந்து கிலோமீற்றருக்குள் இருக்கிறவர்கள் சைக்கிளில் அல்லது நடந்துதான் வரவேணும், தேத்தண்ணி சீனி இல்லாமல், கடிக்கக் கச்சான் அல்லது அவித்த கடலை. முதல் மாதம் மூன்று சைக்கிள் வந்தது. ஒருத்தருக்கு பாதி வழியில் செயின் கழன்று கையெல்லாம் கிறீஸ். ஒரு தோழியின் அம்மா, இருபது வருடத்துக்குப் பிறகு, விடிய ஐந்தரைக்கு ஒழுங்கைக்குள் மகளின் சைக்கிளை எடுத்து ஓடிப் பார்த்திருக்கிறார். முன்வீட்டு மாமி கேட்டாவாம், "என்ன பிள்ளை, ஸ்கூட்டி பழுதோ?" அம்மா சொன்னாவாம், "இல்லை மாமி, நான்தான் பழுது." அடுத்த வாரம் அந்த மாமியும் படலையில் நின்றிருக்கிறார், தன்னையும் ஒருக்கால் பழக்கிவிடச் சொல்லி.

மாநகர சபைக்கு ஞாயிறு காலை வீதி மூடல் பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கோ. போன மாதக் கூட்டத்துக்குப் பதினொரு சைக்கிள் வந்தது, ரெண்டு மோட்டச்சைக்கிளும் வந்தது. அந்த ரெண்டும் ஆற்றையெண்டு இங்க எழுதமாட்டம்.